சொல்தா பெட்டியில் வந்த குண்டுகள்

புதுச்சேரியைப் பற்றி வெளியூர்ப் பத்திரிகைகளில் வருகிற சுற்றுலாக் கட்டுரைகளில் ஒரு படம் அடிக்கடி இருக்கும். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் முழங்காலைச் சற்றே மடக்கி நிற்பார். கையில் பளபளக்கும் இரும்புக் குண்டு. கீழே, 'பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற விளையாட்டு' என்று ஒரு வரி. படத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்த வரியோடுதான் எனக்கு வழக்கு.

விட்டுச்செல்ல வேண்டுமானால் முதலில் அவர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும் அல்லவா? துய்ப்ளெக்ஸ் இங்கே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. அவர் காலத்துப் பிரான்சில் மரக்குண்டு உருட்டி விளையாடியிருப்பார்கள். நம் ஊரில் ஆடுகிற பெத்தாங் என்ற இந்த ஆட்டம் அப்போது பிறக்கவே இல்லை. அது பிறந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்கு பிரான்சில், மர்செய்க்குக் கிழக்கே லா சியோத்தா என்ற கப்பல் கட்டும் சிற்றூரில். சிலர் 1907 என்பார்கள், சிலர் 1910 என்பார்கள். அந்தப் பெயரில் முதல் போட்டி நடந்தது 1910ல்.

அது பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பகுதியில் அதற்கு முன்பே புரோவான்சால் என்று ஒரு குண்டு விளையாட்டு உண்டு. பதினைந்து, இருபது மீட்டர் தூரத்துக்கு எறிய வேண்டும். எதிரியின் குண்டை அடிப்பதற்கு மூன்று அடி ஓடிவந்து எறிவார்கள். ழூல் லெனுவார் என்று அழைக்கப்பட்ட ஒருவர் அதில் பெரிய ஆட்டக்காரர். வாதநோய் வந்து கால்கள் முடங்கிவிட்டன. ஓட முடியாது. நண்பர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாராம். அவருக்காகப் பித்தியோ என்ற சகோதரர்கள் தூரத்தைக் குறைத்தார்கள், ஓட்டத்தை நீக்கினார்கள், தரையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றிக்கொண்டுதான் எறிய வேண்டும் என்று விதி செய்தார்கள். அவர்கள் ஊர்ப் பேச்சில் 'ஊன்றிய கால்' என்பதற்கான சொல்தான் பெத்தாங் என்று திரிந்தது.

விதிகள் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் சுமார் மூன்று சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சிறிய மரக்குண்டை ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்துக்குள் விழும்படி எறிவார்கள். அதற்குப் பெயர் கொஷோனே. பன்றிக்குட்டி என்று பொருள். எங்கள் தெருப் பிள்ளைகளும் 'பன்னிக்குட்டி' என்றுதான் சொல்வோம். பிறகு இரும்புக் குண்டுகளை எறிய வேண்டும். ஒவ்வொன்றும் எழுநூறு கிராம் போல இருக்கும். யாருடைய குண்டு பன்றிக்குட்டிக்கு அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பதின்மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. ஆளுக்கு ஆள் என்றால் கையில் மூன்று குண்டு. இரண்டு பேர் அணி என்றாலும் ஆளுக்கு மூன்று. மூன்று பேர் அணி என்றால் ஆளுக்கு இரண்டு. அருகில் கொண்டுபோய் வைப்பது ஒரு கலை. எதிரியின் குண்டைப் பறக்கவிட்டு அடித்துத் தள்ளுவது இன்னொரு கலை. பதின்மூன்றுக்குச் சுழியம் என்று தோற்றவருக்கு ஃபன்னி என்ற பெண்மணியின் சிலையையோ படத்தையோ முத்தமிடும் தண்டனை உண்டு. எங்கே முத்தமிடுவது என்பதைப் பேரப்பிள்ளைகள் படிக்கக்கூடிய இடத்தில் எழுத மாட்டேன்.

ஆட்டம் பிரான்ஸ் முழுவதும் பரவுவதற்கே சில பத்தாண்டுகள் பிடித்தன. 1936ல் தொழிலாளிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் வந்தது. வடக்கே இருந்தவர்கள் விடுமுறைக்குத் தெற்குக் கடற்கரைக்கு வந்து, பார்த்து, கற்றுக்கொண்டு போனார்கள். ஆணி அறைந்த மரக்குண்டுகள் போய் எஃகுக் குண்டுகள் வந்தன. ஆட்டத்துக்கென்று தேசியச் சம்மேளனம் 1945ல்தான் அமைந்தது. இன்று உலகெங்கும் பேர்போன ஒப்யு நிறுவனம் குண்டு செய்யத் தொடங்கியது 1955ல். அதற்கு முந்தைய ஆண்டு, 1954 நவம்பர் 1ஆம் தேதி, பிரெஞ்சுக்காரர்கள் இங்கே நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள்! போகிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே யார் வந்து குண்டு ஆடக் கற்றுக்கொடுத்தார்கள்?

என் பதில் இதுதான். வாய்க்காலுக்குக் கிழக்கே குடியிருந்த துரைமார்கள் கற்றுக்கொடுக்கவில்லை. வாய்க்காலுக்கு மேற்கேயும் தெற்கேயும் குடியிருந்த நம் சொல்தாக்களின் தகரப் பெட்டியில் வந்தது.

இளையவர்கள் சிலருக்குச் சொல்தா என்ற சொல்லே இன்று புதிதாக இருக்கலாம். பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர்களையும், இருந்து ஓய்வு பெற்றவர்களையும் நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். 1940 செப்டம்பரில் கவர்னர் போன்வேன், ஜெனரல் தெ கோல் பக்கம் சேர்வதாக அறிவித்ததும் இங்கிருந்து ஆட்கள் போனார்கள். போர் முடிந்த பிறகு இன்னும் பலர் சேர்ந்தார்கள். இந்தோசீனா போனார்கள், பிறகு அல்ஜீரியா போனார்கள். குடியேற்றப் படைகளுக்குப் பிரான்சில் பெரிய முகாம் ஃப்ரேழுஸ் என்ற ஊரில் இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே தொடங்கிய முகாம். செனகல் நாட்டுச் சிப்பாய்கள் அங்கே ஒரு மசூதி கட்டியிருக்கிறார்கள். இந்தோசீனச் சிப்பாய்கள் ஒரு புத்தர் கோயில் கட்டியிருக்கிறார்கள். இரண்டும் இன்றும் நிற்கின்றன. அந்த ஃப்ரேழுஸ், லா சியோத்தா இருக்கிற அதே கடற்கரையில் கிழக்கே இருக்கிறது. பெத்தாங்கின் தாய்வீட்டில் நம் ஆட்கள் மாதக் கணக்கில் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். பொழுது போக வேண்டாமா?

என் தகப்பனார் அப்படிப் போனவர்களில் ஒருவர். 1946ல் கையெழுத்துப் போட்டார். 1949ல் விடுப்பில் வந்தார். அவர் திரும்பிப் போன பிறகு 1950ல் நான் பிறந்தேன். மேரியில் என் பிறப்பைப் பதியப் போனவர் என் தாத்தா. தகப்பன் ஊரில் இல்லை என்று பதிவில் பிரெஞ்சில் எழுதியிருக்கிறது.

இதைப் பெரிய சோகமாகச் சொல்லவில்லை. பின்னாளில் நான் புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் பழைய பதிவேடுகளோடு கிடக்கும் வேலைதான் எனக்குப் பல ஆண்டுகள் வாய்த்தது. அந்தக் காலத்துப் பிறப்புப் பதிவுகளை நூற்றுக்கணக்கில் நகல் எடுத்திருக்கிறேன். தகப்பன் தொழில்: சொல்தா. இருப்பிடம்: சைகோன், ஜிபுத்தி, ஃப்ரேழுஸ். பதிய வந்தவர்: தாத்தா, அல்லது தாய்மாமன், அல்லது பக்கத்து வீட்டுக்காரர். ஒரு தெருவிலேயே ஒரே வருடத்தில் இப்படி நாலைந்து பிள்ளைகள். எங்கள் தலைமுறைக்கு அப்பா என்றால் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிற விருந்தாளி. அந்த விடுப்புக்குக் கோன்ழே என்று பெயர். 'உங்கப்பாவுக்கு எப்போ கோன்ழே?' என்பது பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

என் அப்பா 1953ல் வந்தது எனக்கு நினைவில் இல்லை. 1957ல் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. மர்செய்யிலிருந்து மெசஜெரி மரித்தீம் கப்பலில் பம்பாய், அங்கிருந்து ரயில். ரிக்‌ஷாவிலிருந்து முதலில் இறங்கியது பெட்டிதான். நங்கூரச் சின்னம் வைத்த தொப்பியோடு இறங்கிய மனிதரை நான் ஆயாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். 'போடா, அப்பாடா' என்று ஆயா தள்ளிவிட்டார். நான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி 'போன்ழூர் மிசியே' என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. குனிந்து கை கொடுத்தார்.

ஏழு வயதுப் பையனும் முப்பது வயதைத் தாண்டிய சிப்பாயும் என்ன பேசிக்கொள்வது? அவர் முகாமில் கற்ற பிரெஞ்சு பேசுவார். நான் புத்தகத்தில் கற்ற பிரெஞ்சு பேசுவேன். தமிழில் அவருக்கு வார்த்தைகள் தட்டுப்பட்டன. முதல் ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒருநாள் சாயங்காலம் பெட்டியிலிருந்து ஒரு தோல்பையை எடுத்தார். உள்ளே மூன்று குண்டு, ஒரு பன்றிக்குட்டி.

எங்கள் வீடு உப்பளம் பக்கம். தெருக்கோடியில் ஒரு வேப்பமரம், அதன் கீழ் இறுகிப்போன செம்மண் தரை, மேலே கொஞ்சம் சரளை. பெத்தாங்குக்கு அதைவிட நல்ல தரை பிரான்சிலும் இல்லை என்று அப்பா சொல்வார். கடற்கரை மணலில் இந்த ஆட்டம் ஆட முடியாது. குண்டு விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும். அவர் குச்சியால் ஒரு வட்டம் போட்டு, என் இரண்டு கணுக்காலையும் பிடித்து உள்ளே நிறுத்தினார். உள்ளங்கை கீழே பார்க்கும்படி குண்டைப் பிடிக்க வைத்தார். அப்படி விட்டால்தான் குண்டு பின்பக்கமாகச் சுழன்று, விழுந்த இடத்தைவிட்டு அதிகம் ஓடாது. என் தோளைத் தொட்டு 'வாஸி, மோன் பெத்தி' என்றார். எறி, குட்டி என்று பொருள். அந்த எழுநூறு கிராம் என் கையில் ஒரு படி அரிசி போலக் கனத்தது. பாதித் தூரத்தில் விழுந்து நின்றது. 'நல்லாருக்கு' என்றார் தமிழில்.

அந்த ஐந்து மாதமும் மழை இல்லாத நாளெல்லாம் ஆடினோம். தெருவில் கோன்ழேயில் வந்திருந்த மற்ற சொல்தாக்களும் ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவர் பெட்டியிலும் குண்டு இருந்தது. அதை நான் எண்ணிப் பார்த்தேன் என்று சொல்லலாம், ஏனென்றால் குண்டுகளைத் துணியால் துடைத்து வைக்கும் வேலை பிள்ளைகளுடையது. ஒவ்வொரு குண்டிலும் கோடுகள் வேறு மாதிரி இருக்கும், யாருடையது என்று அடையாளம் தெரிவதற்காக. என் அப்பாவுடையதில் இரண்டு கோடு. மூன்று பேர் அணியாகப் பிரிந்து ஆடுவார்கள். நான் அப்பாவின் அணிக்குத் தூரம் அளக்கிறவன். ஒரு தென்னங்குச்சி போதும். இந்தோசீனா பற்றிக் கேட்டால் ஒரு வாக்கியத்தில் முடிப்பார். அல்ஜீரியா பற்றிக் கேட்கவே முடியாது. ஆனால் பன்றிக்குட்டி எங்கே விழுந்திருக்கிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது, எந்தக் கூழாங்கல்லில் பட்டுக் குண்டு திரும்பும் என்பதைப் பற்றி இருட்டும் வரை பேசுவார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பெட்டியில் வந்தது குண்டு மட்டும் இல்லை. அடியில் ஒரு துவாலையில் சுற்றி அம்மாவுக்கான சாமான்கள் இருக்கும். சவர்க்காரம், ஓ தெ கொலோஞ் என்ற வாசனைத் தண்ணீர், முகப்பவுடர், தலைக்குப் பூசும் பிரியாந்தீன், நீல நிறச் சிறிய புட்டியில் 'சுவார் தெ பரி' அத்தர். 1954க்கு முன் இவையெல்லாம் நம் ஊர்க் கடைகளிலேயே மலிவாகக் கிடைத்தன. வரியில்லாத துறைமுகம் என்பதால் வெளிநாட்டுச் சாமான் வாங்கவென்றே சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். எல்லைச் சாவடியில் மடியைத் தடவிப் பார்ப்பார்கள். இணைப்புக்குப் பிறகு இந்திய இறக்குமதிக் கட்டுப்பாடு இங்கும் வந்தது. கடையில் இருந்தது தீர்ந்தது. அதன்பின் சொல்தா பெட்டிதான் ஒரே வழி. அதனால் எங்கள் அப்பா வந்த மறுநாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார். எல்லாரும் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார்கள்.

அந்தச் சாமான்களின் பூர்வீகத்தைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மர்செய் சவர்க்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 14ஆம் லூயி மன்னர் 1688ல், அதை ஆலிவ் எண்ணெயில்தான் காய்ச்ச வேண்டும் என்று ஆணை போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகியதும் ஆலிவ் எண்ணெய் போதவில்லை. தேங்காய், பனை, வேர்க்கடலை எண்ணெய்கள் சேர்ந்தன. அந்த வேர்க்கடலையில் பெரும் பங்கு எங்கிருந்து போனது? நம் துறைமுகத்திலிருந்து. தென்னாற்காட்டு மல்லாக்கொட்டை புதுச்சேரியில் கப்பலேறி மர்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. நூறு வருடத்துக்கு முன் நம் ஊரின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று அது. நம் கொட்டை சவர்க்காரமாகி, சிப்பாய் பெட்டியில் ஏறி, நம் கிணற்றடிக்கே திரும்பி வந்தது.

பவுடர் இன்னும் வேடிக்கை. பூதுர் தெ ரீ என்று வட்டமான அட்டைப் பெட்டியில் வரும். அரிசிப் பொடி என்றுதான் அதற்கு அர்த்தம். பூர்ழுவா என்ற பாரிஸ் நிறுவனம் 1879ல் 'ஜாவா அரிசிப் பொடி' என்று ஒன்றை வெளியிட்டு உலகெங்கும் விற்றது. இதை நான் ஆயாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பெட்டியை வாங்கி முகர்ந்து பார்த்து, 'அரிசி மாவையா கப்பல்ல கொண்டாந்தான்?' என்றார்.

அம்மா அதைப் பூசிப் பார்த்த நாள் 1957 ழூலை 13. மறுநாள் தேசிய விழா என்பதால் அன்றிரவு விளக்கு ஊர்வலம். அம்மா நல்ல கறுப்பு. அந்தப் பவுடரோ வெள்ளைக்காரிகளின் கன்னத்துக்கென்று செய்த இளஞ்சிவப்பு. பூசிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். முகம் சாம்பல் பூத்தது போல இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாதான் துவாலையின் நுனியை நனைத்துக் கொடுத்து, 'இதெல்லாம் அவங்க தோலுக்கு. நான் யோசிக்காம வாங்கிட்டேன்' என்றார். அம்மா துடைத்துவிட்டுச் சுவார் தெ பரி மட்டும் இரண்டு சொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினார். பவுடர் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. ஆயா அதைக் கேரம் பலகைக்குக் கொடுத்துவிட்டார். அந்த வருடம் எங்கள் தெருவில் கேரம் காய்கள் ஓடியது போல எப்போதும் ஓடியதில்லை.

அந்தக் காலத்தில் சொல்தா வீட்டுப் பெண்கள் வாசனை பூசிக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்காது. 'புருஷன் கப்பல்ல, இவளுக்கு யாருக்காக சென்ட்டு?' என்று பேசுவார்கள். ஆகவே அப்பா ஊரில் இருக்கும் மாதங்களில் மட்டுமே அம்மா அந்தப் புட்டியைத் திறப்பார். அப்பா கப்பலேறிய மறுநாள் பீரோவுக்குள் போய்விடும். ஒரு வீட்டில் அத்தர் வாசனை வருகிறது என்றால் அந்த வீட்டு ஆள் கோன்ழேயில் வந்திருக்கிறார் என்று பொருள். இதை எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் பார்க்க மாட்டீர்கள். ஆனால் என் வயதொத்த உப்பளத்துக்காரர் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

1959ல் மூன்று மாதமே கிடைத்தது. அந்த முறை அப்பா பெட்டியில் ஒரு புதுப் புட்டி. மேலே 'வெத்திவேர்' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. கார்வேன் என்ற நிறுவனம் 1957ல் கொண்டுவந்த ஆண்களுக்கான அத்தர். யாரோ அதிகாரி பாதி உபயோகித்துவிட்டு அவருக்குக் கொடுத்ததாம். மூடியைத் திறந்ததும் ஆயா உள்ளிருந்து, 'யாரு, தட்டியில தண்ணி தெளிச்சீங்களா?' என்று கேட்டார். கோடையில் ஜன்னலில் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டி வாசனை அப்படியே. வாசனை மட்டும் என்ன, பெயரே நம்முடையதுதான். பிரெஞ்சு அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே தமிழ் மூலம் என்று போட்டிருக்கிறது. நம் வேரின் இனத்தை ரெயூனியோன் தீவில் பயிரிட்டுத் தைலம் இறக்கி, பூர்போன் வெட்டிவேர் என்று பெயர் சூட்டி, பாரிஸ் வாசனைக்காரர்களுக்கு விற்றார்கள். அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிப் போனதும் உங்களுக்குத் தெரிந்ததே.

இந்த வரிசையில் லாக்மே பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு அலங்காரச் சாமானுக்கு அந்நியச் செலாவணி செலவாகக் கூடாது என்று பேசப்பட்ட காலத்தில், 1952ல், டாட்டா குழுமம் பிரெஞ்சு நிறுவனங்களின் ஒத்துழைப்போடு தொடங்கியது அது. பெயர் 1883ல் பாரிஸில் அரங்கேறிய லக்மே என்ற இசை நாடகத்திலிருந்து வந்தது. நாடகத்தின் நாயகி ஒரு பிராமணப் பூசாரியின் மகள். லட்சுமி என்ற பெயர்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் லக்மே ஆனது. அம்மாவுக்குப் பிற்காலத்தில் நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது லாக்மே பவுடர். அவர் நிறத்துக்குப் பொருந்தியது.

திரும்பிப் போகும் பெட்டியில் என்ன இருக்கும் என்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஃப்ரேழுஸ் பரவாயில்லை, வடக்கே போனால் குளிரில் தோல் உப்பளத் தரை மாதிரி வெடிக்கும் என்று அப்பா சொல்வார். அங்கத்திய கிரீம் எதுவும் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆகவே ஆயா பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர் எல்லாம் வெயிலில் காயவைத்து நலங்குமாவு இடித்துக் கொடுப்பார். சீயக்காய் ஒரு கிலோ. நல்லெண்ணெய் இரண்டு புட்டி, தக்கையில் மெழுகு உருக்கி ஊற்றி அடைத்தது. குண்டு மூன்றும் அதற்குள் துணி சுற்றிப் போகும். சனிக்கிழமை முகாமில் இவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றால், கூட இருந்த கோர்சிக்கா தீவுக்காரர்கள் முதலில் கேலி செய்தார்களாம். பிறகு அவர்களே முழங்காலுக்குக் கொஞ்சம் கேட்டார்களாம்.

1961ல் பதினைந்து வருடச் சேவை முடிந்து அப்பா ஒரேயடியாக வந்துவிட்டார். அடுத்த வருடம் ஆகஸ்ட் 16. 1956ல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கே குடியிருப்பவர்கள் இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர் எழுதிக்கொடுத்தார்கள். அந்த ஆறு மாதமும் வேப்பமரத்தடியில் ஆட்டத்தைவிட வாதம்தான் அதிகம். பென்ஷன் என்னாகும், பிள்ளைகள் படிப்பு என்னாகும், ஊரில் என்ன சொல்வார்கள். ஒரு குண்டை எறிந்துவிட்டு அரை மணி பேசுவார்கள். அப்பாவின் அணியில் இருந்த மற்ற இருவரும் ஒப்சியோன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா போடவில்லை. ஏன் என்று பலர் கேட்டார்கள். 'பதினஞ்சு வருஷம் அங்கே இருந்தாச்சு' என்பதற்கு மேல் அவர் விளக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அந்த ஒரு கையெழுத்து இல்லாததால்தான் நான் இந்தியக் குடிமகனாகி, பிற்பாடு அரசு குமாஸ்தாவானேன். என் கூடப் படித்தவர்கள் சார்செல்லிலும் பாரிஸ் புறநகர்களிலும் குடியேறினார்கள். யார் எடுத்த முடிவு சரி என்று இன்றும் என்னைக் கேட்கிறார்கள். நான் பதிவேட்டில் நகல் எடுத்தவன். தீர்ப்பு எழுதியவன் இல்லை.

அறுபதுகளின் நடுவில் தெருவில் வீடு வீடாகப் பூட்டு விழுந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் பிள்ளைகளின் வேலைக்காக ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மூவர் அணி இருவர் அணியானது. 1968 வாக்கில் எதிரே ஆடவும் ஆள் இல்லை. சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்ததும் அப்பா தோல்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். ஆளுக்கு ஆள் ஆட்டம். குண்டு மூன்றுதான் இருந்தது. போனவர்களில் ஒருவர் தன் மூன்று குண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரே கோடு. அப்பா என்னிடம் தோற்றது 1970 பொங்கலுக்கு மறுநாள், பதின்மூன்றுக்குப் பதினொன்று. அதற்குப் பிறகு அவர் என்னோடு இன்னும் கவனமாக ஆடினார்.

எழுபதுகளின் கடைசியில் பிரான்சிலிருந்து ஓய்வு பெற்றுச் சிலர் திரும்பினார்கள். அவர்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தார்கள். வேப்பமரத்தடி போய் வீடாகிவிட்டது. வேறு இடங்களில் ஆட்டம் மறுபடி உயிர் பிடித்தது. இப்போது நாடாவை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். பன்றிக்குட்டிகூடப் பச்சை, ஆரஞ்சு வர்ணத்தில் வருகிறது. ஆடுகிற இளைஞர்களில் சொல்தா குடும்பம் இல்லாதவர்களும் நிறைய. நல்லதுதான். சுற்றுலாக் கட்டுரைக்காரர்கள் மட்டும் அவர்களிடம் கேட்காமல் வாய்க்காலுக்குக் கிழக்கே போய்க் கேட்கிறார்கள்.

எனக்கு ஒரு கோட்டுக் குண்டைக் கொடுத்துவிட்டுப் போனவரின் மகள் பாரிஸ் பக்கம் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். வருடத்துக்கு ஒருமுறை சீயக்காயும் நலங்குமாவும் கேட்பார். கடையில் விற்கிற பொடி வேண்டாமாம், ஆயா சொன்ன அளவில் அரைத்ததுதான் வேண்டுமாம். போன வாரம் தபால் நிலையத்தில் பார்சலுக்குச் சுங்கப் படிவம் நிரப்பினேன். உள்ளே என்ன என்ற இடத்தில் வெறும் பொடி என்று பிரெஞ்சில் எழுதினால் அங்கே சந்தேகப்பட்டுப் பிரித்துவிடுவார்கள். கொஞ்சம் யோசித்து, 'முகத்துக்கான பயறுப் பொடி, ஒரு கிலோ, சொந்த உபயோகத்துக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.